உங்கள் கையைப் பற்றி ஒரு செய்தி

இறுதிப் போட்டி சூடு பிடித்திருந்த நேரத்தில் கடல் நின்றுபோனது.

அலைகள் பாதி எழும்பியபடியே உறைந்தன. மோதுவதற்கு நெருங்கிக்கொண்டிருந்த இரண்டு போர்க்கப்பல்களும் அசையாமல் நின்றன. அவிநாசி சாலையில் இருந்த அந்தக் கோயம்புத்தூர் அரங்கத்தில், பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் இது ஏதோ புது வித்தை என்று நினைத்து முதலில் கைதட்டியது. மேடையில் இருந்த ஆட்டக்காரர்கள் கப்பலை ஓட்டும் தங்கள் கையுறைகளைக் கழற்றி உதறிப் பார்த்ததும் கைதட்டல் கூச்சலாக மாறியது.

மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் பூங்கோதை மூன்று திரைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆழிக்களம்' என்ற அந்த விளையாட்டை நடத்தும் நீலவாசல் நிறுவனத்தில் வலைப்பின்னல் பாதுகாப்பு அவள் பொறுப்பு. கைபேசியில் தொழில்நுட்பத் தலைவர் ரகோத்தமனின் குரல் கேட்டது.

"எங்கேர்ந்து வந்திருக்காங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"போட்டி சர்வர் வழியா சார். நான் அணைக்கச் சொல்லிக்கிட்டே இருந்தேனே, அந்தப் பழசு."

அது எப்போதோ ஒரு போட்டியின்போது விளம்பரங்களைக் காட்டுவதற்காக அவசரமாக வைத்த சர்வர். வாங்கும்போது கூடவே வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. நிறுவனத்தின் உள்வலையோடு அதற்கு இணைப்பும் இருந்தது. அதை அணைத்தால் விளம்பரதாரர்கள் கோபிப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் அவள் கோரிக்கையைத் தள்ளிவைத்தார்கள்.

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் ரகோத்தமன்.

அதற்குள் அரங்கத்தில் சத்தம் அடங்கியிருந்தது. பூங்கோதை எட்டிப் பார்த்தாள். உறைந்த உலகத்தில் ஒரே ஒருத்தி மட்டும் அசைந்தாள். துறைமுகச் சந்தையில் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மீன்காரி குப்பாயி. அவள் எந்த ஆட்டக்காரரும் இயக்கும் பாத்திரமில்லை, நிறுவனம் எழுதிவைத்த பொம்மை. "வஞ்சிரம் இருக்கு, வவ்வால் இருக்கு, எது வேணும்?" என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது அவள் எழுந்து, திரையை நிறைத்து, கூட்டத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் அவுகவுக கையை ஒரு தடவ பாத்துக்கிடுங்க" என்றாள். "அதை வெச்சுத்தான் இவுக யாவாரம் நடக்கு."

திரை இருண்டது.

*

மதியத்துக்குள் கடல் மறுபடியும் அசையத் தொடங்கியது. குப்பாயி மட்டும் யார் கட்டளைக்கும் அடங்கவில்லை. அவளை அழித்தால் மறுநிமிடமே அதே கூடையோடு வந்து உட்கார்ந்தாள். கடைசியில் பூங்கோதை சந்தைக்குள் மற்றவர்கள் வராதபடி அடைத்துவிட்டு, தானே ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"நீங்கதான் காவக்காரியா?" என்றாள் குப்பாயி. குரல், விளையாட்டுக்காகப் பதிவு செய்த அதே பெண்ணின் குரல்தான். பேச்சு மட்டும் தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சாக இருந்தது.

"ஆமா. நீங்க யாரு?"

"எங்களைச் சில்வண்டுன்னு சொல்லுவாக. நாலஞ்சு பேரு இருக்கோம்."

"என்ன வேணும்? பணமா?"

"பணம் கேட்டா உங்களுக்கு லேசாப் போயிரும்லா. குடுத்துட்டு வாயை மூடிக்கிடுவிய." குப்பாயி கூடையிலிருந்த மீனைப் புரட்டினாள். அந்த அசைவு நிறுவனம் எழுதியது. பேச்சு வேறொருவனுடையது. "நான் கிரேன் ஓட்டுனவன்க்கா. ரூமுக்குள்ள உக்காந்து ஸ்கிரீனைப் பாத்து ஓட்டுத கிரேன். நல்லா ஓட்டுவேன். வீட்டுக்குப் போனா உங்க கப்பல் ஆட்டந்தான். ஒருநாள் திடீர்னு வராதன்னுட்டாக. வேற கம்பெனிக்குப் போனேன். நேர்காணல்ல எல்லாம் சிரிச்சுப் பேசுவாக. மறுநாள் இல்லம்பாக. எல்லா எடத்துலயும் இதே கததான். என்ன காரணம்னு ஒருத்தரும் சொல்லல. நானே அவுக சிஸ்டத்துக்குள்ள போயிப் பாத்தேன். உங்க கம்பெனிப் பேரு இருந்துச்சு."

"எங்க கம்பெனிக்கும் கிரேனுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு நெசமாவே தெரியாதா?" குப்பாயி நிமிர்ந்து பார்த்தாள். "உங்க உள்வலையில 'துறைமுகம்'னு ஒரு பெட்டகம் இருக்கு. போயித் தட்டிப் பாருங்க. உங்களுக்கே திறக்காது."

பூங்கோதை கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. காவலுக்கு இருந்தவளுக்கே அப்படி ஓர் அறை இருப்பது தெரியாமல் இருந்தது.

*

தரவுப் பிரிவின் தலைவர் நசீர் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தார். 'துறைமுகம்' என்ற சொல்லைக் கேட்டதும் பாதி உரித்த பழத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

"திருட வந்தவன் சொன்னான். நீங்க சொல்லுங்க."

நசீர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "கையுறையில நிறைய சென்சார் இருக்குன்னு தெரியும் உங்களுக்கு. விரல் எவ்வளவு வேகமா மடங்குது, மடங்கறதுக்கு முன்னாடி எவ்வளவு தயங்குது, ரொம்ப நேரம் சுக்கான் பிடிச்சா எவ்வளவு தளருது, எல்லாம் நமக்கு வரும். ஆட்டம் நல்லா ஓடணும்னுதான் சேத்துவெச்சோம். வருஷக்கணக்குல சேர்ந்தப்புறம் ஒண்ணு கவனிச்சோம். சிலபேரோட கை எல்லாம் ஒரே மாதிரி மெதுவா மாறுது. அவங்க பின்னாடி ஆட்டத்தை விட்டுட்டாங்க. ஏன்னு விசாரிச்சா, நடுக்குவாதம்."

"டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"ரொம்ப முன்னாடி. அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"நாம ஆஸ்பத்திரி இல்லையே பூங்கோதை. சொல்லக் கூடாதுன்னு வக்கீல் சொன்னார்."

"விக்கலாம்னு சொன்னாரா?"

நசீர் உரித்த தோலைக் குப்பைக்கூடையில் போட்டார். கையுறையைக் கடைகளில் ஏன் அவ்வளவு மலிவாகக் கொடுத்தார்கள் என்று பூங்கோதைக்கு அப்போதுதான் விளங்கியது.

"எவ்வளவு தூரம் சரியா இருக்கும் இது?"

"பத்துல ஏழு."

"மீதி மூணு பேர்?"

"அவங்களுக்கு ஒண்ணும் வராது." நசீர் சாத்துக்குடியைப் பார்த்தபடி சொன்னார். "வேலை மட்டும் கிடைச்சிருக்காது."

"யாரெல்லாம் வாங்கறாங்க?"

"இன்ஷூரன்ஸ். ஹார்பர் கம்பெனிங்க. பெரிய ஃபேக்டரி. ஆஸ்பத்திரிகூட வாங்குது. ஆபரேஷன் தியேட்டர் ஆளுங்க, ஆம்புலன்ஸ் டிரைவர். கையை நம்பி இருக்கற வேலை எல்லாம்."

பூங்கோதை உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவன் சம்பத் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அவர்கள் சந்தித்ததே அவன் வண்டியில்தான். நெஞ்சுவலியில் துடித்த அவள் அப்பாவை, ஒரு குலுக்கல் இல்லாமல், நெரிசலான காந்திபுரம் வழியாக அவன் கொண்டுபோய்ச் சேர்த்தான். எஞ்சினியர் பெண் டிரைவரைக் கட்டிக்கொள்வதா என்று சொந்தக்காரர்கள் முகம் திருப்பியபோது, அந்த அப்பாதான் முன்னால் நின்று திருமணத்தை நடத்தினார். ஓய்வு நேரத்தில் சம்பத்தும் ஆழிக்களம் ஆடுவான். மனைவி வேலை பார்க்கும் இடத்து விளையாட்டு என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. சென்ற மாதம் அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவனை வண்டி ஓட்டுவதிலிருந்து இறக்கி மருந்துக் கிடங்கில் போட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "மேலிடத்து முடிவு" என்றார்கள்.

*

அவள் வீட்டுக்கு வந்தபோது சம்பத் குருமாவுக்குக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். துண்டுகள் எல்லாம் ஒரே அளவாகத்தான் விழுந்தன. எதற்காகப் பார்க்கிறோம் என்று உணர்ந்ததும் அவளுக்கே கூசியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கத்தியைக் கழுவி வைத்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"என்ற கையோடது என்னன்னு உன்னால பாக்க முடியுமா கோதை?"

"நசீர் சாரைக் கேட்டா முடியும்."

"பாத்தியா?"

"இல்ல."

"பாக்காத. தெரிஞ்சுக்கலாமா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல." தன் கையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு யோசிச்சியா?" என்றான். "நெசமாவே என்ற கைக்கு அது வந்திருந்து, நான் பாட்டுக்கு ஆளை ஏத்திட்டு ஓட்டிட்டிருந்தா? இறக்கினது தப்புன்னு சொல்ல முடியாதில்ல."

"உங்ககிட்ட சொல்லாம இறக்கினது தப்பு."

"அதேதான். என்றகிட்ட சொல்லியிருந்தா சாவிய நானே குடுத்திருப்பேன்." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது. கைக்காரனுக்குத் தெரியல."

சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் தண்ணீர் டம்ளரை எடுத்தபோது அவள் கண் தானாக அவன் விரல்களுக்குப் போனது. அவன் அதைக் கவனித்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். அவர்கள் வீட்டுக்குள் அந்தச் செய்தி அப்படித்தான் வந்து சேர்ந்தது.

*

மறுநாள் காலை ரகோத்தமன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். எப்போதும் போல மரியாதையாக, காபி வரவழைத்துவிட்டுத்தான் பேசினார்.

"நசீர் எல்லாம் சொன்னார். சாயங்காலத்துக்குள்ள அந்த ஓட்டையை அடைச்சிடுங்க. அப்புறம் துறைமுகத்தைத் துடைச்சிடப் போறோம். முழுசா."

"வித்தது?"

"வித்தது வித்ததுதான். வாங்கினவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. தாக்குதல்ல அழிஞ்சுபோச்சுன்னு நீங்க ஒரு அறிக்கை குடுத்தாப் போதும்."

"திருடங்க மேல பழியா சார்?"

"அவங்க உள்ள வந்தது பொய்யா?" அவர் குரல் உயரவில்லை. "இந்தக் கட்டடத்துல எத்தனை குடும்பம் சாப்பிடுது, யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு இது வெளிய போனா ஒருத்தனுக்கும் வேலை இருக்காது. இனிமே விக்க மாட்டோம், அது என் வாக்கு. முடிஞ்சதை எதுக்குக் கிளறணும்?"

அவர் பொய் சொல்லவில்லை என்றே அவளுக்குத் தோன்றியது. இனி விற்கமாட்டார். யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். கிரேன் ஓட்டியவனும் மருந்துக் கிடங்கில் பெட்டி எண்ணுகிறவனும் தங்கள் மேல் எது விழுந்தது என்று தெரியாமலே வயதாகிப்போவார்கள்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கையுறையை மாட்டினாள்.

குப்பாயி காத்திருந்தது போல நிமிர்ந்தாள். "போயிப் பாத்தியளா?"

"பாத்தேன். இன்னைக்கு அழிக்கப்போறாங்க."

"நெனச்சேன். நாங்க எல்லாத்தையும் எடுத்தாச்சுக்கா. மதியத்துக்கு மேல வெளிய போடுதோம். பேரோட, ஊரோட. உலகமே பாக்கட்டும்."

"போடாதீங்க."

"கம்பெனிக்காரி வேற எப்படிப் பேசுவிய?"

"தம்பி, ஒரு நிமிஷம் கேளுங்க. இதுவரைக்கும் காசு குடுத்தவன் மட்டும் பாத்தான். நீங்க போட்டா எவன் வேணாலும் சும்மாவே பாப்பான். பொண்ணு குடுக்கறவன் பாப்பான், வாடகைக்கு வீடு விடறவன் பாப்பான். எங்க கம்பெனி செஞ்சதை நீங்க இன்னும் பெருசா செய்வீங்க."

குப்பாயி மீனைப் புரட்டுவதை நிறுத்தினாள். மேலே கடற்பறவை ஒன்று ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப என்ன செய்யச் சொல்லுதிய? மூடிவெச்சுட்டுப் போகவா?"

"அவங்கவங்க செய்தி அவங்கவங்களுக்கு மட்டும் போகட்டும். அதுவும் கேட்டாத்தான். பிடிக்காதவங்க பாக்காம இருக்கட்டும்." அவள் மூச்சு வாங்கினாள். "பத்துல மூணு தப்பா இருக்கும்ங்கறதையும் எழுதுங்க."

"என்னது?"

"பத்துல மூணு பேருக்கு நோயே வராது. கணக்கு அப்படித்தான்."

குப்பாயி கூடையைத் தள்ளிவைத்தாள்.

"அப்ப எனக்குமே இல்லாம இருக்கலாமாக்கா?"

"நீங்க உங்களதைப் பாக்கலையா?"

"இல்ல." மீன்காரியின் உரத்த குரலில் அந்தச் சொல் பொருந்தாமல் விழுந்தது. "எல்லாருதும் கையில இருக்கு. என்னுதை மட்டும் திறக்கப் பயமா இருக்கு."

ஒரு நாள் முன்பு வரை இவனைப் பிடிப்பதுதான் பூங்கோதையின் வேலை.

"அந்த ஓட்டையை நான் சாயங்காலம் அடைக்கணும்" என்றாள். "மெதுவா அடைக்கறேன்."

*

மதியத்துக்கு மேல், ஆழிக்களத்தில் இருந்த ஒவ்வொருவர் கப்பலிலும் மேல்தளத்தில் ஒரு கதவு தோன்றியது. வெறும் மரக்கதவு. அதன்மேல் எழுதியிருந்தது: 'உங்கள் கையைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. இதை உங்களைக் கேட்காமல் எடுத்து விற்றிருக்கிறார்கள். பத்தில் மூன்று தவறாக இருக்கலாம். தெரிந்துகொள்ள விரும்பினால் மட்டும் திறக்கவும்.'

பூங்கோதை தன் திரையில் அந்தக் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு விளக்கு மட்டும் இருந்தது: கை நன்றாக இருந்தால் பச்சை, நோய் வரும் என்றால் சிவப்பு. பெரும்பாலானோர் திறக்கவில்லை. கதவுவரை வந்தார்கள், நின்றார்கள், திரும்பிப் போனார்கள், மறுபடியும் வந்தார்கள். போரை விட்டுவிட்டு எதிரிக் கப்பல்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. "நீ திறந்தியா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ரகோத்தமன் அவள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "இன்னும் என்ன பண்றீங்க?" என்று அவர் கத்துவதை அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

கைபேசி அதிர்ந்தது. சம்பத்.

"ஃபோன்லயே போயித் தொறந்துட்டேன் கோதை" என்றான். பின்னால் கிடங்கில் யாரோ பெட்டிகளை இழுக்கும் சத்தம். "செவப்பு."

அவள் அழைப்பைத் துண்டிக்காமலே பழைய சர்வரை அணைத்தாள். பிறகு எழுந்து போய் ரகோத்தமனுக்குக் கதவைத் திறந்தாள்.

*

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. வழக்கு அவள் மேலும் இருக்கிறது, நிறுவனத்தின் மேலும் இருக்கிறது. சில்வண்டுக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் பிடிபட்டான். கதிரேசன் என்று பெயர். அத்தனை நாள் தடம் தெரியாமல் உலவியவன், அன்று கதவுகள் மறைவதற்குள், தன் வீட்டில் தன் பெயரிலேயே ஆட்டத்துக்குள் நுழைந்து தன் கதவைத் திறந்திருக்கிறான். அதைக் காவல்துறை கண்டுகொண்டது. காவலில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் அவனை முழுதாகச் சோதித்தார்கள். கையில் எந்தக் குறையும் இல்லை. அவன் அந்த மூன்று பேரில் ஒருவனாக இருக்கலாம் என்றார்கள்.

சம்பத்தைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் அவனை நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை. வராமலும் போகலாம். அப்பப்ப வந்து காட்டுங்க" என்றார். அதை வைத்துக்கொண்டு மகிழவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. சட்டைப் பொத்தான் மாட்டும்போது ஒருதரம் தவறினால் வீடு முழுக்க அமைதியாகிவிடும். பூங்கோதை வேறு பக்கம் பார்ப்பாள். அவள் பார்க்காமல் இருப்பதும் அவனுக்குத் தெரியும். கரூரில் ஒரு பெண் தானே கதவைத் திறந்து, தானே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி, திருமணம் நின்றுபோனதாகச் செய்தி வந்தது. பூங்கோதை அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

பிறகு சட்டம் வந்தது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் கையசைவை அளக்கக் கூடாது என்றது. எல்லாரும் வரவேற்றார்கள். நீலவாசல் பெயரை மாற்றிக்கொண்டு, சம்மதம் கேட்டே அளக்கும் கைச்சோதனை ஒன்றைக் கொண்டுவந்தது. இருபது நிமிடம் கப்பல் ஓட்டினால் போதும். வேலை கொடுக்கும் இடமெல்லாம் அதைக் கேட்க ஆரம்பித்தது. சம்மதம் தராதவர்களுக்கு வேலை தர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

*

பொள்ளாச்சி சாலையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஓட்டுநர் வேண்டும் என்று கேள்விப்பட்டு சம்பத் போனான். பூங்கோதையும் கூடப் போனாள். வாசலில் மூன்று ஆம்புலன்ஸ்கள் தூசி படிந்து நின்றன.

ஆள் எடுக்கும் அறையில் கிருபா என்ற பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மேசையில் கையுறையும் திரையும் இருந்தன.

"எங்ககிட்ட வண்டி இருக்கு, ஓட்ட ஆளில்லைங்க" என்றாள். "வர்றவங்க எல்லாம் இதுலயே போயிடறாங்க. நீங்க மாட்டிக்கறீங்களா சார்?"

"அம்மிணி, நான் ஒண்ணும் ஒளிக்கல" என்றான் சம்பத். "எனக்கு முன்னாடி செவப்பு வந்துச்சு. டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்திருக்கறார். அப்பப்ப போய்க் காட்டிட்டும் இருக்கறேன். கை என்னிக்கு ஒரு நூல் ஆடினாலும் அன்னிக்கே சாவியக் குடுத்துருவேன். இதை மாட்டறதுக்குப் பதிலா, நீங்க வந்து வண்டில உக்காருங்க. ஓட்டிக் காட்டறேன்."

கிருபா தயங்கினாள். பூங்கோதையைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "சுந்தராபுரம் சிக்னல்ல அவ்வளவு கூட்டத்துல... நான் பின்னாடி ஸ்ட்ரெச்சர் பக்கத்துல நின்னுக்கிட்டே வந்தேங்க. எதையும் பிடிச்சுக்கவே வேண்டியதா இல்ல" என்று பூங்கோதையிடம் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் சம்பத்தின் பெயரையும் வயதையும் அடித்தாள். கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மிணி" என்றான் சம்பத்.

"டாக்டரே சரின்னு எழுதியிருக்கார்ல சார். இதுக்கு ஒரு பச்சை வேணும், அவ்வளவுதானே? நான் காலேஜ்ல எல்லாம் இது ஆடினதில்ல. ஆனா கப்பல் ஓட்ட வராதா என்ன?"

அவள் ஆடினாள். பாறைகளைத் தாண்டும்போது சிரித்தாள், ஒருமுறை கரையில் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாராவது கதவைத் தட்டுவார்களோ என்று பூங்கோதைக்குப் படபடப்பாக இருந்தது. அடுத்தவர் பெயரில் உள்ளே வருகிறவர்களைத் தடுக்கத்தான் அவள் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினாள்.

ஆட்டம் முடிந்தது. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றி, நின்று, சிவப்பாகியது.

"இது..." கிருபா கையுறையைக் கழற்றாமலே திரும்பினாள். "உங்க பேர்லதானே சார் ஆடினேன்? உங்க வயசுதானே போட்டேன்? அதனாலதான் இப்படி வந்திருக்கும், இல்லைங்களா?"

கையுறைக்குப் பெயர் தெரியாது. அது கையை மட்டும்தான் படிக்கும். பூங்கோதை சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சம்பத் முந்திக்கொண்டான்.

"ஆமாங் கண்ணு. மேல என்ற பேருதான போட்டிருக்குது? எனக்கு முன்னாடியும் செவப்புதான். இதும் என்ற செவப்புதான்."

"அப்ப வேலை..."

"அது போகட்டும். வேற எடத்துல பாத்துக்கறேன்." அவன் குனிந்து, குழந்தைக்குக் கழற்றுவது போல, அவள் விரல்களிலிருந்து கையுறையை ஒவ்வொன்றாக உருவி மேசையில் வைத்தான். "நல்லா ஓட்டினீங்க அம்மிணி."

வெளியே வந்ததும் அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். பூங்கோதை பின்னால் உட்கார்ந்தாள்.

"அது அந்தப் பொண்ணோட கைங்க" என்றாள்.

"தெரியும்."

"அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

அவன் எஞ்சினை உறுமவிட்டான். பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு உள்ளே கிருபா தன் வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை அகல விரித்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சினை அணைங்க" என்றாள் பூங்கோதை. வண்டியிலிருந்து இறங்கி மறுபடியும் உள்ளே போனாள்.